பாதரசமும் சிறுநீரகமும்

பாதரசத்தின் தீமை இன்று நேற்று அறியப்பட்டதன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் ராமஸீனி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் எழுதிய நூலில், பாதரசங் கொண்டு பொன்முலாம் பூசுவோருக்குக் கைந்நடுக்கம் உண்டாவதையும் பற்கள் உதிர்வதையும் எடுத்துரைத்தார். அக்காலத்தில் அது தொழிற்கூடத்தின் நோய். பிற்காலத்திலோ, அந்நஞ்சு சிறு டப்பாவில் அடைபட்டு வீட்டினுள்ளேயே புகுந்துவிட்டது.

தோலுக்குக் கருநிறம் தரும் பொருள் உண்டாவதைப் பாதரச உப்புகள் தடுக்கின்றன. ஆகவே அவற்றை முகப்பூச்சுகளிலும் சோப்புகளிலும் கலந்து, 'நிறம் வெளுக்கும்' என்று விற்றனர். பூசியது தோலோடு நிற்பதில்லை. இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைச் சென்றடைந்து அங்கே தங்குகிறது. நாளடைவில் சிறுநீரக வடிகட்டிகள் பழுதுற்று, உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறுகிறது. முகமும் கால்களும் வீங்குகின்றன.

கென்யா நாட்டின் நைரோபி நகரில் இத்தகைய வீக்கத்தோடு வந்த நோயாளிகளை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பாதரசங் கலந்த வெளுப்புப் பூச்சைப் பயன்படுத்தியவர்கள் என்பது 1972இல் வெளியான ஆய்வினால் தெரியவந்தது.

ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. பாடம் மறக்கப்பட்டது போலும்! கேரளத்து மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இவ்வகைச் சிறுநீரக நோயாளர் 22 பேரை மருத்துவர்கள் கண்டனர். அவர்களுள் 15 பேரிடம் நோயின் ஒரு தனி அடையாளம் காணப்பட்டது. அந்தப் பதினைவரில் 13 பேர், நோய் தோன்றுமுன் வெளுப்புப் பூச்சுப் பூசியதை ஒப்புக்கொண்டனர். பூச்சை நிறுத்தியபின் பெரும்பாலோர் குணமடைந்தனர் என்பதே ஆறுதலான செய்தி.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி, கண்ணுக்கு இடும் பொருள்கள் நீங்கலாக மற்றவற்றில், தற்செயலாகக் கலந்த பாதரசம் பத்து லட்சத்தில் 1 பங்கிற்கு மேல் இருத்தலாகாது. ஆனால் விதி ஏட்டில் இருக்க, பெயரும் முகவரியும் அற்ற டப்பாக்கள் கடைவீதியில் இருக்கின்றன. வேற்று மொழி வழங்கும் ஊர்களில் வாழும் தமிழன்பர்கள், மேலுறையில் என்ன எழுதியிருக்கிறதென்று படித்தறிய இயலாத பூச்சை வாங்காதிருப்பதே நலம். கால் வீங்கினாலும், சிறுநீர் நுரைத்துப் போனாலும் மருத்துவரிடம் செல்லுங்கள்; முகத்தில் பூசுவது இன்னதென்பதை, அவர் கேளாவிடினும், நாணமின்றிச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் சிறுநீரகத்தைக் காக்கக்கூடும்.