நரம்பும் அதிர்வும்

டெங்கில் வட்டாரத்தில் திருவிழா நடக்கும் இரவுகளில் உறுமி மேளம் முழங்கக் கேட்டோர் ஓர் உண்மையை அறிவர். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த கோல் தேய்க்கும். மறுமுகத்தை நேர்கோல் அடிக்கும். அவ்வோசை செவிக்கு எட்டுமுன்னரே நெஞ்சுக்கூட்டை எட்டிவிட்டதுபோல் தோன்றும். காலடி மண் அதிரும். கையிலுள்ள குவளை நீர் நடுங்கும். இசை என்பது செவிக்கு மட்டும் உரியதன்று, மெய் முழுவதற்கும் உரியது என்பதைப் பிராங் பெசார் முதலான தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோர் நூலின் துணையின்றியே உணர்ந்திருந்தனர்.

அத்தோட்டங்கள் இன்று இல்லை. 1990களில் அந்நிலம் புத்ராஜெயா என்னும் ஆட்சி நகரமாயிற்று. தோட்ட மக்களுள் பலர் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தனர். அதே டெங்கில் முக்கிமில் சைபர்ஜெயா என்னும் கணினி நகரமும் எழுந்தது. உறுமி கேட்டு வளர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று கைப்பேசியில் உலகம் முழுவதையும் காண்கின்றனர். அங்ஙனம் அவர்கள் காண்பவற்றுள் ஒன்று, இசைக்கேற்ப அதிரும் பாலின்பக் கருவி. வகுப்பறையில் இதனைப் பற்றி எவரும் கேளார். கேட்டாலும் நாம் விடை கூறோம். ஆயினும் இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு கிளை நம் மொழியிலேயே வேர் கொண்டுள்ளது. அதனை ஆய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழும் காமமும்

தமிழில் நரம்பு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. யாழில் கட்டிய தந்தியும் நரம்பே. உடலில் உணர்ச்சியைச் சுமந்து செல்வதும் நரம்பே. ஒரே சொல் இரண்டையும் குறிப்பது தற்செயல் எனத் தள்ளத்தக்கதன்று. மீட்டினால் அதிர்வது எதுவோ அது நரம்பு என்னும் கருத்து அச்சொல்லினுள் அமைந்து கிடக்கின்றது.

தொல்காப்பியர் ஐந்திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து வைத்தார். அகவாழ்வு நிகழும் நிலம் ஒவ்வொன்றிற்கும் தனித்தனி இசை உண்டு என்பது அவர் கொள்கை. மேலும், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் வகையை மெய்ப்பாட்டியல் என ஓர் இயலாகவே வகுத்துரைத்தார். மருதத்திணைப் பாடல்களில், பரத்தையை நாடிப் பிரிந்த தலைவனுக்கும் ஊடிய தலைவிக்கும் இடையே தூது செல்பவன் யாழேந்திய பாணன். சிலப்பதிகாரத்தில் கோவலனையும் மாதவியையும் பிரித்தது கானல்வரியில் எழுந்த யாழோடு கூடிய பாட்டு. இசை காமத்தை எழுப்பும், ஆற்றும், சில வேளைகளில் அழிக்கவும் செய்யும் என்பதனை நம் புலவர்கள் நாணமின்றியும் இழிவின்றியும் பாடினர்.

வடமொழியிலும் இந்நிலையே. வாத்சியாயனரின் காமசூத்திரம் கூறும் அறுபத்துநான்கு கலைகளின் தொடக்கத்தில் நிற்பவை பாட்டும் கருவியிசையும் ஆடலும் ஆகும். அந்நூலின் ஏழாம் பகுதி, பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, தந்தம், கொம்பு ஆகியவற்றால் செய்த செயற்கைக் கருவிகளையும் குறிக்கின்றது. ஆகவே கருவி என்பது மேனாட்டார் கொணர்ந்த புதுமையன்று. ஒரே நூலில் பாட்டு முதற்பகுதியிலும் கருவி இறுதிப்பகுதியிலும் தனித்தனியே நின்றன. அவை இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்ததே நம் காலம் செய்த புதுமை.

மௌனம் வந்த வழி

இங்ஙனம் வெளிப்படையாக இருந்த பேச்சு எப்போது அடங்கிற்று? வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே பெயர்த்தார். 250 குறட்பாக்கள் கொண்ட காமத்துப்பாலை விடுத்தார். 1886ஆம் ஆண்டில் போப் ஐயர் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் அதுவும் இடம்பெற்றது. அவரும் நெடுங்காலம் அப்பாலை அணுகத் தயங்கியவரே.

தயக்கம் தனிமனிதருடையது; தடை அரசினுடையது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 292ஆம் பிரிவில் ஆபாச நூல்களின் விற்பனையைக் குற்றமாக்கியது. அச்சட்டமே 1870களில் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் பின்னர் மலாய் மாநிலங்களுக்கும் முன்மாதிரியாக வந்தது. இன்றும் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவின் எண் 292 ஆகவே உள்ளது. சென்னையிலும் கோலாலம்பூரிலும் ஒரே எண் ஒரே வாயிலைக் காத்துநின்றது.

அவ்வாயிலில் மோதியவர் ஒரு பெண் இசைவாணர். தஞ்சையில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் அவையை அணிசெய்த முத்துப்பழனி, இராதிகா சாந்தவனம் என்னும் காவியத்தைத் தெலுங்கில் இயற்றினார். தன் விருப்பத்தைத் தானே எடுத்துரைக்கும் பெண்ணைத் தலைவியாகக் கொண்ட நூல் அது. அதனை 1910ஆம் ஆண்டில் முழுமையாகப் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராசருக்குக் கோயில் எழுப்பிய அவ்வம்மையாரை இசையுலகம் மறவாது. நூல் ஆபாசமானதென்று சீர்திருத்தவாதிகள் சிலர் முறையிட்டனர். அரசு படிகளைப் பறிமுதல் செய்து தடை விதித்தது. ஆண் புலவர் பாடினால் சிருங்காரம், பெண் பாடினால் மட்டும் ஆபாசமா என்பதே அம்மையார் எழுப்பிய வினாவின் சாரம். 1947ஆம் ஆண்டில், தங்குதூரி பிரகாசம் அவர்களின் ஆதரவால் அத்தடை நீங்கிற்று. விபுலானந்த அடிகளின் யாழ்நூல் அரங்கேறிய ஆண்டும் அதுவே. மறைந்த யாழை ஆராய்ந்து மீட்டெடுத்த அவ்வாண்டிலேயே, மறைக்கப்பட்ட பெண்குரலும் மீண்டது.

கருவியின் பிறப்பும் ஒரு கட்டுக்கதையும்

பேச்சு அடங்கிய இடத்தில் கட்டுக்கதை எளிதில் முளைக்கும். அதற்குச் சான்று அதிர்வுக் கருவியின் வரலாறே.

மின்கல ஆற்றலால் இயங்கும் அதிர்வுக் கருவியை 1880களில் அமைத்தவர் சோசப் மார்ட்டிமர் கிரான்வில் என்னும் ஆங்கில மருத்துவர். 1883ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல் நரம்பின் அதிர்வைப் பற்றியது. ஒவ்வொரு நரம்பிற்கும் இயல்பான அதிர்வு ஒன்று உண்டு; நோயுற்றபோது அது பிறழும்; வெளியிலிருந்து தாளம் தவறாத அதிர்வைத் தந்தால் பிறழ்ந்தது நேராகும் என்று அவர் எண்ணினார். யாழின் நரம்பைச் சுருதி சேர்ப்பதுபோல் உடலின் நரம்பையும் சேர்க்கலாம் என்பது அவர் கருத்தின் சாரம். அவர் நாடியது வலி நீக்கமே, இன்பமன்று. ஹிஸ்டீரியா எனப்பட்ட நிலையிலுள்ள பெண்களுக்கு இக்கருவியைப் பயன்படுத்துவதைத் தாம் தவிர்த்ததாக அந்நூலிலேயே அவர் எழுதிவைத்தார்.

ஆனால் 1999ஆம் ஆண்டில் ரேச்சல் மெயின்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு நூல் வெளியிட்டார். ஹிஸ்டீரியா நோய்க்கு மருத்துவர்கள் நூற்றாண்டுகளாகப் பெண்களைக் கையால் தடவி உச்சநிலை எய்துவித்தனர் என்றும், அவ்வேலையின் களைப்பைப் போக்கவே அதிர்வுக் கருவி தோன்றிற்று என்றும் அதில் அவர் கூறினார். கதை சுவையானது, ஆதலின் விரைந்து பரவிற்று. 2009இல் நாடகமாயிற்று, 2011இல் திரைப்படமாயிற்று. 2018ஆம் ஆண்டில் ஹாலி லீபர்மன், எரிக் சாட்ஸ்பெர்க் என்னும் இருவர் அந்நூல் காட்டிய மூலங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினர். மருத்துவர்கள் அக்கருவியை அங்ஙனம் பயன்படுத்தியதற்கு அம்மூலங்களில் சான்று இல்லை என நிறுவினர். தாம் கூறியது ஒரு கருதுகோளே என்று மெயின்ஸ் அவர்களும் பின்னர் விளக்கினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இக்கதை ஆய்வுலகில் பெரிதும் மெய்போல் உலவிற்று. பொருள் கூச்சத்திற்கு உரியது என்றால் அதனைச் சரிபார்ப்போரும் குறைந்துபோவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தோல் கேட்ட இசை

அதிர்வும் இசையும் இணைந்த வழி வேறு. அவ்வழியைத் திறந்தவர்கள் செவிப்புலன் இழந்தோரும் அவர்க்கு உதவ முனைந்தோரும் ஆவர். பார்வையும் கேள்வியும் குழந்தைப் பருவத்திலேயே இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார், 1924ஆம் ஆண்டில் வானொலியில் ஒலித்த பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை அதிரும் தகட்டின்மேல் விரல் வைத்து உணர்ந்து மகிழ்ந்ததை மடலாக எழுதினார். அதே காலத்தில் ராபர்ட் கால்ட் என்னும் அமெரிக்க உளவியலார், பேச்சொலியை அதிர்வாக்கித் தோலுக்கு அளிக்கும் கருவியைச் சோதித்து வந்தார். ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் எவலின் கிளெனி, பன்னிரண்டு அகவைக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தும், வெறுங்காலோடு மேடையில் நின்று அதிர்வால் இசையை உணர்ந்து வாசிக்கின்றார்.

இதற்கு உடலில் அடிப்படை உண்டு. தோலின் ஆழத்தில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றை விளக்கிய இத்தாலியர் பிலிப்போ பாச்சினியின் பெயரால் அவை வழங்குகின்றன. நொடிக்கு ஏறத்தாழ 200 முதல் 300 வரையான அதிர்வுகளை அவை மிக நுட்பமாக உணரும். உயர்ந்த ஒலிகளைச் செவி கேட்கும், தோல் கேளாது.

ஆப்பிள் நிறுவனம் 2001இல் ஐபாடு என்னும் சிறிய இசைப்பெட்டியை வெளியிட்டது. அந்நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய சூக்கி டன்ஹம் என்னும் அமெரிக்கப் பெண்மணி, 2006ஆம் ஆண்டில் ஓமிபாட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, இசைப்பெட்டியோடு இணைத்து இயக்கும் பாலின்பக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் இயக்கம் எளியது. எடை ஒருபுறம் சாய்ந்த சிறு சக்கரத்தை மின்பொறி சுழற்றும், அச்சாய்வே அதிர்வாகும். பாட்டின் ஒலி வலுக்குங்கால் அதிர்வு வலுக்கும். தாளம் நிற்கும்போது அதிர்வும் ஓயும். பின்னர் வந்த கருவிகள் கம்பியின்றிக் கைப்பேசி வழியாக இயங்கின.

இதனைச் சோதித்துப் பார்ப்போர் ஒன்றை உணர்வர். ஒலியின் வலிமையைப் பின்பற்றும் பொறி தாளத்தை உணர்த்துமேயன்றிப் பண்ணை உணர்த்தாது. நாகசுரம் இராகத்தை எத்துணை இழைத்தாலும் அந்நுட்பம் அதற்குத் தெரியாது. தவிலின் வீச்சும் உறுமியின் முழக்கமும் தெரியும். சொல்லும் பொருளும் அறவே தெரியா. கானல்வரியில் கோவலன் பாடிய பாட்டின் பொருளே மாதவியின் நெஞ்சைச் சுட்டது. பொருளை உணரும் நரம்பு எப்பொறியிலும் இல்லை. அது மனிதரிடமே உள்ளது.

கேட்கும் கருவியும் சட்டமும்

கைப்பேசியோடு இணைந்த கருவி இசையைக் கேட்பதோடு நில்லாமல் தன் உடைமையாளரையும் கேட்கும் நிலை வந்தது. இத்தகைய இணைப்புக் கருவிகள் செய்யும் கனடா நாட்டு நிறுவனமொன்று, பயன்படுத்துவோரின் விவரங்களை அவர் அறியாமல் திரட்டியதாக 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழக்கெழுந்தது. 2017இல் அந்நிறுவனம் இழப்பீடு தர இசைந்தது. பள்ளியறையின் மறைபொருள் எங்கோ ஒரு கணினியில் எண்ணாகப் பதியுமாயின், அது டெங்கில் இளைஞர்க்கும் தொடர்புடைய செய்தியே.

சட்டமும் இன்னும் முற்றுப்பெறாத வாதத்திலேயே உள்ளது. மலேசியாவில் ஆபாசமெனக் கருதப்படும் பொருளை விற்றலும் இறக்குமதி செய்தலும் 292ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். இந்தியாவில் 2024 சூலை முதல் நாள் தொட்டுப் பழைய சட்டம் நீங்கிப் புதிய பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பழைய 292ஆம் பிரிவு அதில் 294ஆம் பிரிவாயிற்று. அதற்குச் சில திங்கள் முன்னர், உடல் பிடித்துவிடும் கருவிகளைப் பாலின்பக் கருவிகளாகக் கருதிச் சுங்கத்துறையினர் பறிமுதல் செய்த வழக்கில், அது அதிகாரியின் கற்பனையே என மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே பொருள், பார்ப்பவர் கண்ணுக்கேற்ப மருந்தும் ஆகின்றது, ஆபாசமும் ஆகின்றது. நாகரத்தினம்மாள் எழுப்பிய வினா இன்னும் ஓயவில்லை.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. இசைக்கும் காமத்துக்கும் உள்ள உறவு தமிழர்க்குப் புதிதன்று. புதிதாய் வந்தது மின்பொறி ஒன்றே. இடையில் வந்த மௌனம் ஒழுக்கத்தைக் காத்ததைவிடப் பொய்க்கதைகளையே மிகுதியாகக் காத்தது.

இக்கருவிகளை வாங்குக என்றோ விலக்குக என்றோ கூறுவது வரலாற்றாசிரியன் பணியன்று. நாட்டின் சட்டத்தை அறிந்து ஒழுகுதல் ஒவ்வொருவர் கடமை. ஆனால் ஆசிரியர்க்குத் தனிப்பொறுப்பு ஒன்று உண்டு. காமத்துப்பாலைத் தேர்வுக்கு வாராத பகுதி எனத் தாள் புரட்டிச் செல்லும் வகுப்பில், மாணவன் தன் ஐயத்தை எங்கே கொண்டுபோவான்? கைப்பேசி அவனுக்கு விடை தரும்; அவ்விடை மெய்யா பொய்யா என ஆராயும் பழக்கத்தை அது தராது. அதனைத் தர வல்லவர் ஆசிரியரே. மெய்ப்பாட்டியலை நாணாமல் கற்பிக்கும் ஆசிரியர், மூலத்தைத் தேடிச் சரிபார்க்கவும் கற்பித்தாராயின், மாணவன் எதனைக் கண்டாலும் தடுமாறான்.

உறுமி ஓய்ந்த பின்னும் சிறிது நேரம் நெஞ்சு அதிர்ந்துகொண்டேயிருக்கும். அவ்வதிர்வுக்குத் தமிழில் சொல் உண்டு, நூல் உண்டு, வரலாறும் உண்டு. அவற்றை மாணவர் கையில் ஒப்படைப்போமாக.