ஒரே அடுப்பு, இரண்டு கணக்கு



போன வாரம் சந்தையில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். நூறு நாள் வேலைக்குப் போகிறாள். "டீச்சர், பக்கத்து வீட்டுக்கு சிலிண்டருக்கு 300 ரூபாய் பேங்க்ல விழுது. எனக்குச் சில்லறைதான் விழுது. நானும் ஏழைதானே?" என்று கேட்டாள். பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இண்டேன் சமையல் எரிவாயு 1965-இல் வந்தது. ஆனால் நெடுங்காலம் அது வசதியானவர்கள் வீட்டுப் பொருள். ஏழை வீட்டில் விறகு, வறட்டி, ரேஷன் மண்ணெண்ணெய்தான். சுள்ளி பொறுக்கிவிட்டு, தலைமுடியில் புகை வாசனையோடு தாமதமாக வகுப்புக்கு வந்த பிள்ளைகளை நான் மறக்கவில்லை. இவளும் அவர்களில் ஒருத்தி.

அந்தக் காலத்து மானியம் எல்லாருக்கும் ஒன்றுதான். 2014 ஜனவரியில் டெல்லியில் 14.2 கிலோ சிலிண்டரின் மானிய விலை 414 ரூபாய். மானியமில்லாத விலை 1241. ஒரு சிலிண்டருக்கு 800 ரூபாய்க்கு மேல் அரசு கொடுத்தது. அதிகம் எரித்தவருக்கு அதிகம் கிடைத்தது. விறகடுப்புக்காரிக்கு அதில் ஒரு பைசா இல்லை. வீட்டு சிலிண்டர் டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் போன கதை உங்களுக்கே தெரியும்.

சீர்திருத்தம் படிப்படியாக வந்தது. 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் ஆண்டுக்கு 6 என்றார்கள். எதிர்ப்பு எழுந்ததும் 2013-இல் 9, 2014-இல் 12 ஆக்கினார்கள். மானியத்தை வங்கிக் கணக்கில் போடும் முறை 2013 ஜூனில் சில மாவட்டங்களில் தொடங்கி, இடையில் நின்று, 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் வந்தது. அதே ஆண்டு "விட்டுக்கொடுங்கள்" என்று கேட்டபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் மானியத்தை விட்டுக்கொடுத்தன.

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசம் பல்லியாவில் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. ஏழைப் பெண்கள் பெயரில் 2019-க்குள் 8 கோடி இணைப்புகள். பெரிய சாதனைதான். ஆனால் இணைப்பு ஒருமுறை. சிலிண்டர் நிரப்புவது ஆண்டு முழுவதும். முழு விலையையும் முதலில் கட்ட வேண்டும், மானியம் பிறகுதான் வரும். தினக்கூலிக்காரி அந்தப் பணத்துக்கு எங்கே போவாள்? 2020-இல் மானியம் ஏறக்குறைய நின்றே போனது. 2022-இல் உஜ்வாலா குடும்பங்களுக்கு மட்டும் 200 ரூபாய் வந்தது. 2023-இல் அது 300 ஆனது.

இனி அவள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் ஏற்கெனவே எரிவாயு இணைப்பு இருந்தால் உஜ்வாலாவில் சேர முடியாது. தமிழக அரசு 2007 முதல் ஏழைகளுக்கு இலவச அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. இவள் அதை வாங்கியவள். பக்கத்து வீட்டுக்காரி அப்போது வாங்காமல் பின்னால் உஜ்வாலாவில் வாங்கினாள். முந்தி வாங்கியதால் இவளுக்கு 300 ரூபாய் இல்லை. சிலிண்டர் தீர்ந்தால் இப்போதும் விறகுதான் என்றாள்.

எந்தத் திட்டத்தில், எந்த ஆண்டு வாங்கினாய் என்று பார்த்தா உதவி தருவது? இன்றைய வருமானத்தையும் ரேஷன் அட்டையையும் பார்த்துத் தர வேண்டும். மானியத்தைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் அவளிடம் வாங்க வேண்டும். 5 கிலோ சிலிண்டரும் கையில் இருக்கும் காசுக்குத் தக்கபடி எளிதாகக் கிடைக்க வேண்டும்.

உங்களில் பலர் அரசுப் பணியில் இருக்கிறீர்கள், சிலர் வங்கியில் இருக்கிறீர்கள். நான் சொல்வதில் பிழை இருந்தால் திருத்துங்கள். சரி என்று பட்டால் உங்கள் இடத்திலிருந்து எடுத்துச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்