ஐமவுத்: கரையில் நின்று பார்த்த மரணம்

ஸ்கொட்லாந்தின் தென்கிழக்குக் கரையோரம் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைகளைத்தான் படம் பிடிக்கிறார்கள். அங்கே ஐமவுத் என்றொரு சின்ன மீன்பிடி ஊர் இருக்கிறது. கோட்டையை விட்டாலும் பரவாயில்லை, இந்த ஊரை விடக்கூடாது என்பேன்.

1881 ஒக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. அந்த வாரம் காலநிலை சரியில்லாமல் வள்ளங்கள் துறைமுகத்திலேயே கிடந்தன. அன்று காலை நல்ல வெயில், கடலும் அமைதி. பாரமானி மட்டும் மிகவும் இறங்கியிருந்தது. அதை அவர்கள் பார்க்காமலில்லை. ஆனால் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே! போனார்கள். நடுப்பகலில் புயல் அடித்தது. தப்பி வந்த வள்ளங்களில் சில, துறைமுக வாயிலிலுள்ள ஹர்கார் பாறைகளில் மோதிச் சிதறின. மனைவிமாரும் பிள்ளைகளும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எறிந்த கயிறு எட்டவில்லை. அந்தக் கரையோரம் முழுதும் 189 பேர் இறந்தார்கள். அதில் 129 பேர் இந்த ஒரே ஊர்.

புயலை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பிடிக்கும் மீனுக்கு அவர்கள் தேவாலயத்துக்கு வரி கட்ட வேண்டியிருந்தது. வில்லியம் ஸ்பியர்ஸ் என்ற மீனவர் முன்னின்று வருடக்கணக்கில் போராடினார். அந்தப் பிணக்கு இழுபட்டதில், புயலிலும் நுழையக்கூடிய துறைமுகம் கட்டும் வேலை பின்னுக்குப் போனது. ஏழையின் வலையில் பங்கு கேட்டவர்கள் அவன் திரும்பி வரும் வழியை யோசிக்கவில்லை.

நூறாவது வருடமான 1981க்காக ஊர்ப் பெண்கள் தைத்த பெரிய சித்திரத் துணி அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடற்கரையில் 2016இல் வைத்த வெண்கலச் சிற்பம் வேறு. சின்னச் சின்ன உருவங்கள்; விதவைகளும் பிள்ளைகளும், எல்லோரும் கடலையே பார்த்தபடி. பக்கத்து ஊர்களான பர்ன்மவுத், கோவ், சென்ட் ஆப்ஸிலும் இதே மாதிரிச் சிற்பங்கள் நிற்கின்றன.