கட்டணம் முதலா, தண்ணீர் முதலா: கோச்சபம்பாவும் புனோம் பென்னும்

1992 ஜனவரியில் டப்ளினில் கூடிய நீர் வல்லுநர்கள், தண்ணீரைப் பொருளாதாரப் பண்டமாகக் கருத வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்த அறிக்கையின் அதே பத்தி, கட்டுப்படியாகும் விலையில் தூய நீர் பெறுவது எல்லா மனிதருக்கும் அடிப்படை உரிமை, அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அடுத்த ஆண்டே உலக வங்கி தன் நீர்வளக் கொள்கையை வெளியிட்டது. விலை நிர்ணயம், அதிகாரப் பரவல், தனியார் பங்கேற்பு ஆகியவை அதில் அழுத்தம் பெற்றன. அதன்பின் வளரும் நாடுகளில் நடந்த சீர்திருத்தங்கள் பலவற்றில், டப்ளின் அறிக்கையின் ‘முதலில்’ என்ற சொல் காணாமல் போனது. அதனால் என்ன நேர்ந்தது என்பதை இரண்டு நகரங்களின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பொலிவியாவின் கோச்சபம்பாவில் நகராட்சியின் குடிநீர் நிறுவனம் கடனில் தத்தளித்தது. தென்புறப் புறநகர்களுக்குக் குழாயே எட்டவில்லை. அங்குள்ள மக்கள் தாங்களே கிணறு வெட்டினார்கள், கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், லாரித் தண்ணீரும் வாங்கினார்கள். 1999 செப்டம்பரில் அரசு, அமெரிக்காவின் பெக்டெல் குழுமத்துக்குப் பங்குள்ள ‘அகுவாஸ் தெல் துனாரி’ என்ற நிறுவனத்துக்கு நகரின் குடிநீரை 40 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மிசிகூனி அணைத் திட்டத்தின் பெருஞ்செலவும் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தது. அடுத்த மாதம் நிறைவேறிய 2029ஆம் எண் சட்டம், மக்கள் தாங்களே வெட்டிய கிணறுகள்கூடக் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சத்தைக் கிளப்பியது. 2000 ஜனவரியில் உயர்த்தப்பட்ட கட்டணத்துடன் பில் வந்தது. சில வீடுகளுக்குத் தொகை இரட்டிப்பாகியிருந்தது. குழாயில் வந்த தண்ணீரோ கூடவில்லை. ஏப்ரலில் நகரம் கொந்தளித்தது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 17 வயது இளைஞர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஒப்பந்தம் ரத்தானது, சட்டமும் திருத்தப்பட்டது.

தனியார்மயத்தின் தோல்வி என்று மட்டுமே இதைப் படிப்பது போதாது. குடிநீர் விநியோகம் மீண்டும் நகராட்சியிடம் வந்த பிறகும் தென்புறப் புறநகர்கள் பல ஆண்டுகள் லாரிக்காகவே காத்திருந்தன. வெற்றி பெற்ற போராட்டத்தால் அநியாயக் கட்டணத்தைத் தடுக்க முடிந்தது. குழாய் பதிக்கும் முதலீட்டைக் கொண்டுவர முடியவில்லை.

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் தொடக்கம் இதைவிட மோசம். 1975இல் கெமர் ரூஜ் ஆட்சி அந்த நகரையே காலி செய்தது. குடிநீர் நிலையத்தை நடத்தத் தெரிந்தவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை. 1993இல் பொறியாளர் எக் சொன் சான் நகரின் அரசுக் குடிநீர் நிறுவனத்துக்குப் பொறுப்பேற்றபோது, சுத்திகரித்து அனுப்பிய நீரில் 72 சதவீதம் கணக்கில் வரவில்லை. பழைய குழாய்களின் கசிவு ஒரு காரணம். திருட்டு இணைப்பு இன்னொன்று. அந்த இணைப்புகளை விற்றவர்களில் ஊழியர்களும் இருந்தார்கள். அமைச்சகங்களே கட்டணம் கட்டாத ஊர் அது.

அவர் முதலில் கை வைத்தது வாடிக்கையாளர் பட்டியலில். ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ப் பதிவேட்டைச் சரிபார்த்தார்கள். தண்ணீர் வந்தும் பில் போகாத வீடுகளும், பில் போயும் தண்ணீர் வராத வீடுகளும் அதில் வெளிவந்தன. பிறகு ஒவ்வோர் இணைப்புக்கும் மீட்டர். இராணுவத் தளபதி ஒருவரின் வீட்டில் மீட்டர் பொருத்தப் போனபோது தன் தலைக்கு நேரே துப்பாக்கி நீண்டதை எக் சொன் சான் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த வீட்டின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. திருட்டு இணைப்பைக் காட்டிக்கொடுத்தவர்களுக்குப் பரிசும், உடந்தையாக இருந்த ஊழியருக்கு வேலை நீக்கமும் கிடைத்தன. குழாய் வலைப்பின்னலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கசிவை அடைக்க இரவு பகலாகக் குழுக்கள் தயாராக நின்றன.

1996 டிசம்பரில் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. வசூலான பணத்தைத் தானே செலவிடும் உரிமை அதனால் வந்தது. என் கணிப்பில் இதுவே திருப்புமுனை. ஜப்பான், பிரான்ஸ், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி தந்த பணம் ஓட்டைப் பாத்திரத்தில் விழாமல் தங்கியதற்கு இந்த உரிமையே காரணம். கட்டண உயர்வு 1997இலும் 2001இலும், தண்ணீர் வரத்து கண்கூடாக மேம்பட்ட வேளையில் வந்தது. திட்டமிட்டிருந்த மூன்றாவது உயர்வுக்குத் தேவையே எழவில்லை, வருவாய் செலவைத் தாண்டியிருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் 30 சதவீதம் முதல் முழுத்தொகை வரை தள்ளுபடி கிடைத்தது. அதுவரை தள்ளுவண்டிக்காரரிடம் பல மடங்கு விலை கொடுத்தவர்கள் இவர்கள்தாம் என்பதால், மீட்டர் கட்டணம் இவர்களுக்குச் செலவைக் குறைத்தது. பதினைந்து ஆண்டுகளில் கணக்கில் வராத நீர் 6 சதவீதம் அளவுக்கு இறங்கியது. 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. இத்தனைக்கும் நிறுவனம் அரசின் கையிலேயே இருந்தது. 2012இல் பங்குச் சந்தைக்குப் போனபோதும் பெரும்பங்கு அரசுடையதே.

இந்தக் கதையை அப்படியே வேறு நாட்டுக்குப் பெயர்த்து நட முடியாது. நகரம் சிறியது, போருக்குப் பிந்தைய நன்கொடை தாராளமாக வந்தது, பிரதமரின் ஆதரவும் இருந்தது. ஆயினும் சேவை முன்னும் கட்டணம் பின்னுமாக வந்த வரிசைக்கு இவை எதுவும் நிபந்தனையல்ல. ஆனால் இந்த வெற்றிக்கும் ஓர் எல்லை உண்டு: அதே நகரில் ஒரு பாதி வேலை நடக்காமலே கிடக்கிறது. கழிவுநீர் இந்த நிறுவனத்தின் பொறுப்பில் இல்லை. தண்ணீர் பில்லோடு 10 சதவீதம் வசூலித்து மாநகராட்சியிடம் ஒப்படைப்பதோடு அதன் பங்கு முடிகிறது. நகரின் சாக்கடையில் பெரும்பகுதி நெடுங்காலமாகத் தெற்கே செயுங் ஏக் சதுப்பு நிலத்தில் கலந்து, நீர்க்கீரைப் பாத்திகளுக்கிடையே இயற்கையாகவே ஓரளவு சுத்தமாகி வந்தது. இப்போது அந்தச் சதுப்பு நிலத்தை மண் கொட்டி மேடாக்கி மனை போடுகிறார்கள்.