மாவளி சுத்துறதை மொபைலில் படம் பிடிப்பது எப்படி? 'லைட் பெயிண்டிங்' பற்றிய முழு விவரம்

கார்த்திகை தீபத்தன்று மாவளி சுத்துவதை வீடியோ எடுத்திருப்பீர்கள். அதையே போட்டோ எடுத்தால் ஏதோ நாலு நெருப்புப் பொறி மட்டும்தான் விழும். ஆனால் அந்த முழு நெருப்பு வட்டத்தையும் ஒரே படத்தில் கொண்டுவர முடியும். அதற்குப் பெயர்தான் 'லைட் பெயிண்டிங்'.

லைட் பெயிண்டிங் என்றால் என்ன?

சாதாரண போட்டோவில் கேமராவின் ஷட்டர் கண் சிமிட்டும் நேரம்கூட திறந்திருக்காது. லைட் பெயிண்டிங்கில் அதை 5 முதல் 30 நொடி வரை திறந்து வைப்பார்கள். அந்த நேரத்தில் வெளிச்சம் போகும் பாதை முழுக்க கோடாகப் பதிவாகும். இருட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஆள் மீது போதிய வெளிச்சம் படாததால் அவர் படத்தில் தெரியவே மாட்டார்.

எப்போது தொடங்கியது?

1889-ல் பிரான்சில் எத்தியேன் ஜூல் மரே, ஜார்ஜ் தெமெனி இருவரும் மனிதர் நடக்கும் விதத்தை ஆராய, உடம்பில் சின்ன பல்புகளைக் கட்டி படம் எடுத்தார்கள். 1949-ல் 'லைஃப்' இதழின் போட்டோகிராபர் ஜோன் மிலி, ஓவியர் பிக்காசோவைச் சந்தித்தார். பிக்காசோ இருட்டறையில் சின்ன லைட்டால் காற்றில் வரைந்த படங்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்டன.

நம்ம ஊர் மாவளியும் இதே கணக்குதான். பனம்பூவைக் கரியாக்கி, பொடித்து, துணியில் இறுக்கிக் கட்டி, பனை மட்டைக்கு நடுவில் வைத்து, கயிறு கட்டிச் சுத்துவது மாவளி. கேமராவுக்கு அது ஒரு நெருப்பு பிரஷ்.

மொபைலில் எடுப்பது எப்படி?

* மொபைலை ட்ரைபாடில் வையுங்கள். இல்லையென்றால் செங்கல் மேல் அசையாமல் சாய்த்து வைக்கலாம்.
* 'ப்ரோ மோட்' போங்கள். ஐஎஸ்ஓ 50 அல்லது 100, ஷட்டர் ஸ்பீட் 10 நொடி.
* ஆள் நிற்கும் இடத்தில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்து, 'மேனுவல்' ஆக்கிவிடுங்கள்.
* கை பட்டு ஆடாமல் இருக்க 3 நொடி டைமர் வையுங்கள்.
* வரைபவர் கறுப்புச் சட்டை போடட்டும். டார்ச் கேமராவைப் பார்த்தபடி இருக்கணும்.
* எழுத்து எழுதினால் படத்தில் இடவலம் மாறித் தெரியும். பிறகு எடிட்டில் திருப்பிக்கொள்ளலாம்.

கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வரும். நிலா வெளிச்சத்தில் 30 நொடி வைத்தால் படம் பகல் மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு 4, 5 நொடியே போதும். டார்ச்சில் எழுதிப் பழக அமாவாசையை ஒட்டிய நாட்கள்தான் வசதி.

ஸ்டீல் வுல் எரிக்கலாமா?

வேண்டாம். இரும்பு நாரை எரித்துச் சுத்தும் ரீல்ஸ் நிறைய வருகிறது. அதிலிருந்து பறப்பது எரிகிற இரும்புத் துகள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2016-ல், கரை ஒதுங்கிக் கிடந்த பழைய 'பாயின்ட் ரேயஸ்' படகு தீப்பிடித்ததற்கும் இதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது.

காரைக்கால் மாவட்டம் போலகம் மாதிரி கடலோர டெல்டா ஊர்களில் எடுக்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். கார்த்திகையில் வயல் ஈரமாக இருக்கும். ஆனால் தை அறுவடை முடிந்தால் எங்கே பார்த்தாலும் காய்ந்த வைக்கோல். ஒரு பொறி போதும், போரே எரிந்துவிடும்.

மாவளி சுத்தினாலும் கூரை வீடு, வைக்கோல் போர் பக்கம் வேண்டாம். பருத்தித் துணி உடுத்துங்கள். ஒரு வாளி தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை கடற்கரையில் லைட் அடிக்காமல் இருப்பது நல்லது. அது ஆலிவ் ரிட்லி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். வெளிச்சம் பார்த்தால் தாய் ஆமை திரும்பிவிடும். குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் வழி மாறிவிடும். அந்த மாதங்களில் வீட்டு மொட்டை மாடியே போதும், ஒரு டார்ச் இருந்தால் சரி.