ரங்கூன் மல்லி: ஒரு பெயரின் வரலாறு

பெரம்பூரில் வீட்டு வாயிற் பந்தலில் படர்ந்து, அந்தியில் மணம் பரப்பும் ரங்கூன் மல்லியை நாம் அறிவோம். ஆங்கிலேயர் இதனைச் சீன ஹனிசக்கிள் என்றும் வழங்கினர். இக்கொடி ஹனிசக்கிளும் அன்று, மல்லிகையும் அன்று. கடுக்காயும் மருதும் சேர்ந்த குடும்பத்தது. அரபியர் யாஸ்மீன் என்றழைக்கும் மலருக்கும் இதற்கும் மணம் ஒன்றே உறவு.

மாலையில் வெண்மையாய் விரியும் பூ, மறுநாள் இளஞ்சிவப்பாகிப் பின்னர்ச் செந்நிறம் கொள்ளும். அம்போன் தீவில் வாழ்ந்த ரம்பியஸ், இதற்கு ‘யார்? எத்தகையது?’ எனப் பொருள்படும் ‘குயிஸ்குவாலிஸ்’ என்னும் இலத்தீன் பெயரிட்டார். 1670இல் பார்வை இழந்தும் அவர் தம் தாவர நூற்பணியைக் கைவிட்டாரில்லை. 1702இல் அவர் மறைந்தார். நூல் அச்சேறத் தொடங்கியது 1741இல்தான். 1762இல் லின்னேயஸ் அப்பெயரையே ஏற்றுக்கொண்டார்.

1960களில் பர்மாவிலிருந்து உடைமையிழந்து திரும்பிய தமிழர் பலர், பெரம்பூரையடுத்த வியாசர்பாடியில் குடியமர்ந்தனர். கொடியைக் கொணர்ந்தோர் அவர்களே எனப் பெயரைக் கொண்டு முடிவு கட்டலாகாது. 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தியத் தோட்டங்களில் இது வளர்ந்தது. பெயர் வேறு, வரலாறு வேறு. எனினும், அம்மக்கள் விட்டுவந்த ஊரின் பெயர் நம் வாயில்களில் இன்றும் பூக்கின்றது. வெயில் படும் இடத்தில் வலுவான பந்தலிட்டு, பூத்து ஓய்ந்தபின் கொடியைக் கத்தரித்துவிட்டால், அப்பெயர் ஆண்டுதோறும் தழைக்கும்.