உப்பும் சாயமும்

மதகைத் திறந்து தண்ணீர் விடுங்கள் என்று மன்றாடுவதே அணைக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் விவசாயியின் பரம்பரை வழக்கமாக இருக்க, மதகைத் திறக்கவே வேண்டாம், அந்த ஜலம் எங்கள் வயலுக்கு வரக்கூடாது என்று ஆயக்கட்டுதாரர்களே சர்க்காரிடம் முறையிட்ட விபரீதம் தமிழ்நாட்டில் ஓர் அணைக்கு நேர்ந்தது. சென்னிமலைக்கு அருகே, நொய்யல் ஆற்றின் குறுக்கே, 16 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பொதுப்பணத்தைக் கொண்டு 1992ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை அது. ஈரோடு, கரூர் பிரதேசங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் தரும் என்ற நம்பிக்கையோடு எழுப்பப்பட்ட அந்த அணையில், மழைநீரோடு திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவும் வந்து தேங்கி, பத்தாண்டு கழிவதற்குள் பாசனத்துக்கு உதவாத சாயக்குட்டையாக அதை ஆக்கிவிட்டது. ஒரு கையால் பொதுப்பணத்தைச் செலவிட்டு அணை கட்டிய அரசாங்கம், அந்த அணையில் வந்து சேர்ந்த விஷத்தைத் தடுப்பதற்காக மறுகையால் மீண்டும் மீண்டும் பொதுப்பணத்தைச் செலவிட நேர்ந்த வரலாற்றையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நொய்யல் ஜீவநதி அன்று. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கும் இந்த ஆறு, பருவமழையில் பெருகிக் கோடையில் மணலாய்க் கிடப்பது. ஆயினும் காஞ்சிமாநதி என்ற பழம்பெயரோடு பேரூர்ப் புராணத்தில் போற்றப்பட்ட புண்ணிய தீர்த்தம். ஒரத்துப்பாளையத்துக்கு அண்மையில் இதே கரையில் இருக்கும் கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும் ஊராகும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1980களில் அங்கே நடத்திய அகழாய்வில், இரும்பு உருக்கிய உலைகளும், சூதுபவளத்தையும் பளிங்கையும் மணிகளாகக் கடைந்த தொழிற்கூடங்களின் அடையாளங்களும் வெளிப்பட்டன. கைத்திறனால் செய்த பண்டத்தைத் தொலைதேசத்துக்கு அனுப்பிப் பிழைப்பது இந்தக் கரைக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம்.

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1925ஆம் ஆண்டில் தொடங்கியது என்பர். பருத்திச் சந்தையும், பஞ்சு அரைக்கும் ஆலைகளும், ரயில் பாதையும் முன்பே அமைந்திருந்த ஊரில் அது வேரூன்றியதில் ஆச்சரியமில்லை. நீண்ட காலம் வரையில் அவ்வூர் உற்பத்தி செய்தது வெள்ளைப் பனியனே. வெள்ளை நிறத்துக்குச் சாயம் வேண்டாம், சலவை வேண்டும். ஆதலால் சுண்ணாம்புச் சத்துள்ள வெளுப்புத்தூளைக் கரைத்த தொட்டிகளை உடைய சலவைப்பட்டறைகள் ஓடைக்கரைகளில் எழுந்தன. அவற்றால் விளைந்த தீங்கு கொஞ்சமன்று என்றாலும், ஊரின் சிறுமை அந்தத் தீங்கையும் ஓர் எல்லைக்குள் அடக்கி வைத்திருந்தது. 1978இல் வெரோனா என்னும் இத்தாலிய வியாபாரி பம்பாய் வழியாகத் திருப்பூரை அறிந்து சட்டைகளுக்கு ஆர்டர் கொடுத்ததிலிருந்து அந்த எல்லை உடையலாயிற்று. ஐரோப்பியச் சந்தை கேட்டது வெள்ளையை அன்று. பருவத்துக்குப் பருவம் மாறும் வர்ணங்களை. 1980களின் நடுவில் 20 கோடி ரூபாயை எட்டாதிருந்த ஏற்றுமதி, 2007ஆம் ஆண்டளவில் 10,000 கோடியைத் தாண்டியது. அந்த ஏற்றத்தின் ஒவ்வொரு படியிலும் சாயப்பட்டறைகளும் பெருகின.

பருத்தி நூலில் சாயம் எப்படி ஏறுகிறது என்பதை அறியாமல் இந்தச் சரித்திரத்தின் முக்கிய முடிச்சை அறிய இயலாது. பருத்திக்குப் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் சாயவகை, நீரில் நன்றாகக் கரையும் இயல்புடையது. நீரை விட்டுத் துணிக்குள் புக அதற்கு எளிதில் மனம் வராது. அதை நீரிலிருந்து துணியை நோக்கித் தள்ளுவதற்காகத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள். சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்போ ஒரு துளியும் துணியில் தங்குவதில்லை. சாயம் ஏற்றிய தொட்டி நீர், அலசிய நீர், சோப்பிட்டு மறுபடி அலசிய நீர் என்று அவ்வளவு உப்பும் சாக்கடை வழியே ஓடைக்கும், ஓடையிலிருந்து நொய்யலுக்கும் போய்ச் சேரும். சிவப்பாகவும் நீலமாகவும் ஓடிய ஆற்றைப் பார்த்து ஊரார் சாயத்தைச் சபித்தனர். கிணற்றைக் கெடுத்ததும், மண்ணை இறுக்கியதும், தென்னையைக் கருக்கியதும் பிரதானமாகக் கண்ணுக்குத் தெரியாத உப்பே.

மேல்நாடுகளில் வீட்டுச் சுவர்களைப் பற்றி நிகழ்ந்த ஒரு வரலாறு இதனோடு ஒப்பிடத் தக்கது. சுவருக்கும் சன்னலுக்கும் பூசும் பெயின்டில் பளபளப்புக்காகவும் உறுதிக்காகவும் காரீயத்தைக் கலப்பது பல தலைமுறை வழக்கம். உதிர்ந்த பெயின்டுத் தூள் குழந்தைகளின் கைவழியே வாய்க்குப் போய் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று தெளிந்த பின், அமெரிக்க தேசம் 1978இல் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடுத்தது. ஆனால் தடைச் சட்டம் புதிய டப்பாவைத்தானே தடுக்கும், ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டதை என்செய்வது? ஆகவே 1992இல் இயற்றிய சட்டத்தின்கீழ், பழைய வீடுகளிலிருந்து அந்த அபாயத்தை நீக்க மாகாணங்களுக்கும் நகரசபைகளுக்கும் மத்திய அரசே மானியம் வழங்கலாயிற்று. நம் தேசத்திலும் 2016ஆம் ஆண்டு விதிகள் வீட்டுப் பெயின்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்று வரையறுத்தன. அங்கே மானியம் பெற்றது வீடு. இங்கே, நொய்யல் விஷயத்தில், பொதுப்பணத்தைப் பெற்றது பட்டறை. இந்த வேற்றுமையை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சட்டம் இல்லாமல் போகவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்தது. மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளை அனுமதிக்கலாகாதென்று 1989 மார்ச் மாதத்தில் அரசாணையே பிறந்தது. இவை யாவும் ஏட்டில் இருந்தன, பட்டறைகள் கரையில் இருந்தன. இதற்கு நடுவில், சில வகைச் சாயங்கள் மனிதத் தோலில் பட்டால் புற்றுநோய்க்கு ஏதுவாகும் என்று 1994இல் ஜெர்மனி தடைவிதித்தபோது, திருப்பூர் மிக விரைவாக அந்தச் சாயங்களைக் கைவிட்டது. இந்திய அரசும் அவற்றைத் தடைசெய்தது. வாங்குபவனுடைய தோலுக்காக ஒரு சாயத்தைச் சில பருவங்களுக்குள் ஒழிக்க முடிந்த ஓர் ஊர், பக்கத்து ஊர்க் கிணற்றுக்காக உப்பைத் தடுக்க இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

முதல் தவணைப் பணம் 1990களில் வந்தது. சிறு பட்டறை ஒவ்வொன்றும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட இடமும் பணமும் இல்லாதவை என்பதால், பல பட்டறைகளின் கழிவைக் குழாய்வழி ஓரிடத்தில் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு உதவும் திட்டத்தை மத்திய அரசு வகுத்தது. செலவில் கால்பங்கை மத்திய அரசும், கால்பங்கை மாநில அரசும் கொடுக்க, 30 சதவீதம் வங்கிக் கடனாகவும், 20 சதவீதம் மட்டும் உரிமையாளர் பங்காகவும் இருக்கும். இவ்விதம் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் திருப்பூரில் எட்டுப் பொது நிலையங்கள் இயங்கலாயின. சுண்ணாம்பையும் இரும்பு உப்பையும் இட்டுக் கழிவைத் தெளியவைத்தார்கள். சாயம் சேறாக அடியில் தங்கியது. மேலே தெளிந்த நீர் நின்றது. அந்தத் தெளிவே ஏமாற்றம் தந்தது. ஒரு லிட்டரில் 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக்கூடாதென்பது வாரியத்தின் நிபந்தனை. தெளிந்து நின்ற அந்த நீரில் உப்போ பல மடங்கு இருந்தது, ஏனெனில் அந்த முறைக்கு உப்பை எடுக்கும் சக்தியே கிடையாது. பொதுப்பணம் நிறத்தைப் போக்கி உப்பை விட்டுவிட்டது. இந்தத் தவறைக் குறிப்பாக எவர்மீதும் சுமத்த நான் துணியவில்லை. ஆனால் குடியானவன் வாயில் வைத்தவுடன் உணர்ந்த கரிப்பைத் திட்டம் வகுத்தவர்கள் முதற்கேள்வியாகக் கேட்டிருந்தால் பத்தாண்டுகள் வீணாகியிரா.

அந்தப் பத்தாண்டுகளில் கீழூர்களில் நிகழ்ந்ததுதான் இந்தக் கதையின் வேதனை. சூழல் இழப்பை மதிப்பிடுவதற்காக அமைக்கப்பட்ட அதிகார சபை, 2004ஆம் ஆண்டு டிசம்பரில், நொய்யல் பாசனத்தால் பாதிக்கப்பட்ட 28,596 விவசாயிகளுக்கு 24 கோடியே 79 லட்சம் ரூபாய் அளவுக்கு ஈட்டுத்தொகை நிர்ணயித்தது. ஆளுக்கு ஒன்பதாயிரத்துக்கும் குறைவாகவே வரும் அந்தத் தொகை, ஒரு கிணற்றை ஆழப்படுத்தவும் காணாது. மேலூரில் பட்டறை வைத்தவர்களும் கீழூரில் கிணறு இழந்தவர்களும் அந்நியர் அல்லர் என்பதும் சொல்லப்பட வேண்டும். பனியன் கம்பெனி முதலாளிகளில் பலர் கொங்குநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள்; தோட்டத்து வருமானமே அவர்களுக்கு முதல் முதலீடு. பங்காளியும் மாமன் மைத்துனனும் ஒரே ஆற்றின் மேலும் கீழும் எதிரெதிராக நின்றார்கள். கலியாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள் நியாயஸ்தலத்தில் எதிர்த்தரப்பினரானார்கள்.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. அதற்கு ஏழாண்டுக்கு முன்னரே, வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில், மாசுபடுத்தியவனே அதன் ஈட்டுக்கும் நிவாரணத்துக்கும் பொறுப்பு என்ற தத்துவத்தை உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியிருந்தது. உயர் நீதிமன்றம் 2006 டிசம்பர் 22ஆம் தேதி, ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடாத நிலையை 2007 ஜூலை இறுதிக்குள் எய்த வேண்டுமென்றும், அதுவரையில் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசாவும், பிறகு 8 பைசாவும், அதன்பின் 10 பைசாவும் கட்ட வேண்டுமென்றும் விதித்தது. உரிமையாளர் சங்கம் செய்த மேல்முறையீட்டில் 2009 அக்டோபர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்து கெடு கொடுத்தது. கெடு தவறியபின், 2011 ஜனவரி 28ஆம் தேதி உயர் நீதிமன்றம், எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகளையும் பொது நிலையங்களையும் ஒருசேர மூடிவிட உத்தரவிட்டது, மின்சாரம் துண்டிக்கப்பட்டது. துணியில் வர்ணம் ஏறாவிட்டால் வெட்டுவதற்கும் தைப்பதற்கும் வேலை இல்லை. வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள் பலர் மூட்டை கட்டினார்கள். சாயவேலை வேறு ஊர்களுக்குப் போயிற்று, அங்கங்கே அதனோடு கழிவும் போயிற்று.

இரண்டாம் தவணைப் பணம் இந்த நெருக்கடியின் இருபுறமும் வந்தது. 2010ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி, கழிவே வெளியேறாத அமைப்பைத் திருப்பூரில் நிறுவுவதற்காகத் தமிழக அரசுக்கு ஒரே முறை மானியமாக 200 கோடி ரூபாய் அறிவித்தார். மறு ஆண்டில், மூடல் உத்தரவுக்குப் பின், ஜெயலலிதா தலைமையிலான அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் வழங்க முன்வந்தது. மாசுபடுத்தியவனே கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்ல, மாசுபடுத்தியவனுக்கே அரசு கொடுப்பது நியாயமா என்ற கேள்வி எழாமலிராது. பட்டறைகளில் பெரும்பாலானவை கூலிக்குச் சாயம் போடும் சிறு ஸ்தாபனங்கள். வர்ணத்தால் லாபம் பெற்ற தூரதேசத்து வியாபாரி ஆற்றுக்கென்று ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. அன்னியச் செலாவணியைத் தேசம் முழுவதும் அனுபவித்தது. இவற்றை நோக்கினால் கடன் கொடுத்தது சரியென்றே நான் கருதுகிறேன். ஆனால் கிணறு இழந்தவனுக்கு நிர்ணயித்த 24 கோடியையும், கிணற்றைக் கெடுத்த தொழிலைக் காப்பாற்றக் கொடுத்த 200 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் மனம் சமாதானமடைய மறுக்கிறது.

இம்முறை கேள்வி சரியாகக் கேட்கப்பட்டது. சவ்வுகளின் வழியே அழுத்தி நீரைப் பிரிக்கும் ஆர்.ஓ. எந்திரங்களும், எஞ்சிய உவர்நீரைக் கொதிக்கவைத்து வற்றடிக்கும் ஆவியாக்கிகளும் வந்தன. அவை தின்னும் விறகும் மின்சாரமும் கொஞ்சமன்று. அந்தச் செலவைத் தாங்க இயலாமல் தத்தளித்தபோது, அருள்புரத்து நிலையத்தில் ஒரு புதிய வழி பரீட்சிக்கப்பட்டது. உவர்நீரை முற்றிலும் வற்றடிப்பானேன், நிறத்தை மட்டும் நீக்கிவிட்டு அந்த உப்புத் தண்ணீரையே அடுத்த சாயத்தொட்டிக்குக் கொடுத்தால் என்ன என்பதே அது. சாயம் ஏற உப்பு வேண்டும்; உப்போ கையில் இருக்கிறது. இவ்வளவு எளிய யுக்திக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. 2011ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டுத் திறக்கப்பட்டன. பிற்காலத்தில் 18 பொது நிலையங்கள் இவ்வழியில் இயங்கின. பட்டறையார் 2005 முதல் காவிரியிலிருந்து குழாயில் விலைகொடுத்துத் தருவித்த தண்ணீரை, ஒருமுறை சாயமேற்றி ஆற்றில் எறிவதற்குப் பதிலாக, மறுபடி மறுபடி பயன்படுத்தக் கற்றனர்.

நீர் திரும்புகிறது, சாய உப்பில் பெரும்பகுதியும் திரும்புகிறது. திரும்பாதது ஒன்று உண்டு. உவர்நீரின் கடைசிக் கசடு வற்றும்போது, பல உப்புகளும் சாயத்தின் மிச்சமும் ஒன்றாய்க் கலந்து, எந்தத் தொட்டிக்கும் உதவாத ஒரு கலப்பு உப்பு மிஞ்சுகிறது. மழை பட்டால் கரைந்து மறுபடியும் ஆற்றைத் தேடிப் போய்விடும் என்பதால் அதை வெளியே கொட்ட வழியில்லை. நிலையங்களின் வளாகத்திலே, தகரக் கூரையின் கீழ், பிளாஸ்டிக் சாக்குகளில் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.